வைரஸ் மருந்துக்குக் கடன் வாங்குமுன்

சங்கங்களின் கடன் மனுக்களில் "நோக்கம்" என்றொரு கட்டம் உண்டு. நூல் கொள்முதல், தறி பழுதுபார்த்தல், உரம், கறவை மாடு, மகளின் திருமணம் என்று அதில் வழக்கமாக எழுதப்படும் சொற்களுக்கிடையே "மருத்துவச் செலவு" என்ற சொல்லும் அடிக்கடி கண்ணில் படுகின்றது. அறுவை சிகிச்சைக்கும் பிரசவத்திற்கும் கடன் கேட்பது பழைய வழக்கம். அவை ஒரு முறை வந்து போகும் செலவுகள். மாதந்தோறும் வாங்கவேண்டிய மாத்திரைக்காகக் கழுத்தில் இருப்பதைக் கழற்றி வைப்பது அதனினும் கொடிது. அடுத்த மாதமும் மாத்திரை வேண்டும். கழற்றுவதற்குத்தான் ஒன்றும் இராது. இத்தகைய மாத்திரைகளுள் ஒரு வகை, வைரஸ் கிருமிகளை அடக்கும் மருந்துகள். அவற்றுள் பெயர் சொன்னாலே குடும்பத்தாரைக் கலங்கச் செய்யும் சிலவற்றிற்கு, நம் நாட்டில் இன்று கடன் வாங்கவே தேவையில்லை. அதனை அறியாமல் வாங்கப்படும் கடனைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றேன்.

வைரஸ் மருந்து என்பது யாது? சாதாரணமாக நாம் கிருமிக்கென்று உண்ணும் மாத்திரைகள் பாக்டீரியா என்னும் கிருமிகளைக் கொல்வன. வைரஸ் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது நம் உடலின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகுவது. ஆகவே அதற்குத் தனி மருந்து வேண்டும். சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருவனவே எனினும் தாமே தணிவன. அவற்றிற்கு வைரஸ் மருந்து தேடுவது வீண் செலவு. உண்மையில் மருந்து தேவைப்படுவன சிலவே. அக்கி, எச்.ஐ.வி., கடுமையான இன்ஃபுளுயன்சா, ஈரலைத் தாக்கும் பி வகை, சி வகை அழற்சி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

ஈரல் நோயைப் பற்றிச் சிறிது விளக்கமாகக் கூறவேண்டும். நாம் எல்லாவற்றையும் காமாலை என்ற ஒரே பெயரால் அழைத்து விடுகின்றோம். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஏ வகையும் இ வகையும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே நீங்கிவிடும். பி வகையும் சி வகையும் இரத்தத்தின் வழியே வருவன. பி வகை தாயிடமிருந்து குழந்தைக்கும், கணவன் மனைவியரிடையிலும் பரவும். இவை ஆண்டுக்கணக்கில் ஓர் அறிகுறியும் காட்டாமல் ஈரலில் குடியிருந்து, பின்னர் ஈரலைச் சுருக்கியோ புற்றுநோயாக மாறியோ ஆளைச் சாய்ப்பன. சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது; ஆனால் மருந்தால் முற்றிலும் நீங்கும். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு; ஆனால் நோய் நிலைத்துவிட்டால் மருந்து அதனை அடக்கி வைக்குமேயன்றிப் பெரும்பாலோருக்கு அடியோடு போக்காது. அதாவது, ஒன்றுக்குச் சில மாதச் செலவு. மற்றொன்றுக்குப் பல்லாண்டுச் செலவு. செலவுக்கு வழி தேடும்போது இந்த வேற்றுமையை மனத்தில் கொள்ளவேண்டும்.

சி வகை மருந்தின் விலைச் சரித்திரம் கூட்டுறவாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. முன்னர் இந்நோய்க்கு இன்டர்ஃபெரான் என்னும் ஊசியை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. காய்ச்சலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் உடன் வரும். பட்ட பாட்டிற்குப் பலனும் உறுதியில்லை. 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரைக்கு அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி கிடைத்தது. இதனை டக்ளட்டாஸ்விர் போன்றதொரு துணை மருந்துடன் நாளொன்றுக்கு ஒருமுறையாக 12 வாரம் உண்டால் நூற்றுக்கு 95 பேர் அளவில் குணமடைகின்றனர். ஈரல் சுருங்கியவர்களுக்கு மட்டும் சில சமயம் காலம் நீளும். வைத்திய உலகில் இவ்வளவு தெளிவான வெற்றி அருமையாகவே கிட்டுகின்றது.

ஆனால் அதனை வெளியிட்ட கிலியட் கம்பெனி அமெரிக்காவில் வைத்த விலை மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர். 12 வாரத்திற்கு 84 மாத்திரைகள். ஆகவே 84,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல். லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில்லும் அவருடன் ஆராய்ந்தோரும், அதே 12 வார மாத்திரைகளைப் பெரும் அளவில் செய்வதற்கு 68 முதல் 136 டாலர் வரையே செலவாகக் கூடும் என்று 2014இல் கணக்கிட்டுக் காட்டினர். வாசகர்கள் இவ்விரு தொகைகளையும் மீண்டும் ஒருமுறை நோக்குவார்களாக. புதிய மருந்தைக் கண்டுபிடிக்கவும் சோதிக்கவும் பெருஞ்செலவு ஆகின்றது என்பது கம்பெனிகளின் வாதம். அதை முற்றிலும் தள்ளிவிட இயலாது. ஆனால் அடக்கவிலைக்கும் விற்பனை விலைக்கும் இடையே இத்தனை தூரம் இருக்குமாயின், அதனை ஆராய்ச்சிச் செலவு ஒன்றினாலேயே நிரப்பிவிட முடியும் என்று கணக்குப் பார்க்கும் தொழிலில் உள்ள எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டில் கதை வேறு விதமாயிற்று. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை தராமல், அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. ஆகவே வேறொரு முறையால் அதே மருந்தை ஆக்கும் திறமையை நம்மவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்த்துக்கொண்டனர். 2005 முதல் பொருளுக்கும் காப்புரிமை வந்துவிட்டபோதிலும் அத்திறமை போய்விடவில்லை. 2001இலேயே எச்.ஐ.வி. மருந்துகளை ஆளொருவருக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகப் பம்பாயின் சிப்லா கம்பெனி முன்வந்தது; மேல்நாடுகளில் அதற்கு அன்று பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. 2004 ஏப்ரலில் மைய அரசாங்கம் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் அத்திட்டம் முதலில் தொடங்கப்பெற்ற மருத்துவமனைகளுள் ஒன்று. சி வகை ஈரல் மருந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2014 செப்டம்பரில் கிலியட் கம்பெனி இந்தியக் கம்பெனிகள் ஏழுக்கு உற்பத்தி உரிமம் வழங்கிற்று. 2015 மார்ச்சில் ஐதராபாத்தின் நாட்கோ கம்பெனி 28 மாத்திரைகள் கொண்ட புட்டியை ரூ.19,900 விலையில் வெளியிட்டது. மூன்று புட்டிக்கு ரூ.59,700. ஐம்பது லட்சம் எங்கே, அறுபதாயிரம் எங்கே! பின்னர்ப் போட்டி மிகுந்து விலை மேலும் இறங்கிற்று.

எனினும் அறுபதாயிரம் என்பதும் ஒரு நெசவாளிக்கோ சிறு விவசாயிக்கோ எளிய தொகையன்று. அதற்கும் கீழே விலையைக் கொண்டுவந்தது மொத்தக் கொள்முதல். எகிப்து நாடு தன் மக்களில் பலருக்கு இந்நோய் இருப்பதறிந்து, 2014இல் அரசாங்கமாகவே பேரம் பேசி 12 வார மாத்திரைகளை 900 டாலருக்குப் பெற்றது. பின்னர் உள்நாட்டிலேயே செய்து அதனினும் மலிவாக்கிற்று. நம் பஞ்சாப் மாநிலம் 2016இல் சி வகை நோயாளிகளுக்கு இலவச மாத்திரை வழங்கத் தொடங்கியது. 2018 ஜூலை 28 அன்று மைய அரசாங்கம் தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, பி, சி இரு வகைக்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசமாக்கிற்று. தனியாளாகக் கடை வாசலில் நிற்பவன் கொடுக்கும் விலைக்கும், பல்லாயிரம் பேருக்குச் சேர்த்து ஒருவர் வாங்கும் விலைக்கும் உள்ள வேற்றுமையை நூல் கொள்முதலில் கண்ட நமக்கு இதில் வியப்பில்லை.

நிற்க. திட்டம் இருப்பது ஒன்று. அது உரியவன் செவிக்கு எட்டுவது மற்றொன்று.

என் சரகத்தில் உள்ள ஒரு கைத்தறிச் சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தவர், குழித்தறி நெசவாளர். இரத்த சோதனையில் பி வகை நோய் இருப்பது தெரிந்து, நகரத்துத் தனியார் வைத்தியர் ஒருவர் டெனோஃபோவிர் மாத்திரையை நாளொன்றுக்கு ஒன்று வீதம் எழுதிக் கொடுத்திருந்தார். மாதந்தோறும் கடையில் வாங்கி இரண்டாண்டு உண்டு வந்தார். மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் அடைமழை. தறிக்குழியில் நீர் ஊறிற்று. கஞ்சி போட்ட பாவு உலரவில்லை. நெசவு நின்றது, கூலியும் நின்றது. உடம்பில் ஒரு வருத்தமும் இல்லையே என்றெண்ணி மாத்திரையையும் நிறுத்திவிட்டார். தை பிறப்பதற்குள் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகி, பதினாறு நாள் மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்தது பெரிது. அவர் மிச்சம் பிடித்தது மூன்று மாத மாத்திரையின் விலை. இழந்தது பொங்கல் சேலைக்கான பாவுகள் இரண்டும், மனைவியின் சங்கிலியும். தவணை தவறியதன் காரணம் விசாரிக்கச் சென்றபோது அவர் சொன்னது: "பெரியாஸ்பத்திரியிலேயே இந்த மாத்திரை குடுக்கறாங்கன்னு ஒருத்தரும் சொல்லலீங்களே, சார்."

இவ்விடத்தில் வைத்தியம் பற்றிய ஒரு செய்தியை அழுத்திக் கூறவேண்டும். பி வகை மருந்து கிருமியின் மேல் வைத்த பாரம் போன்றது. பாரத்தை எடுத்துவிட்டால் கிருமி முன்னிலும் வேகமாகப் பெருகி ஈரலைத் தாக்கக்கூடும். ஆகவே பணமில்லையென்று நிறுத்துவதும், ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பதும், அதே நோயுள்ள மற்றொருவருடன் பங்கிட்டுக்கொள்வதும் மாத்திரையே உண்ணாதிருப்பதைவிடச் சில வேளை தீங்காக முடியும். சி வகையிலும் 12 வாரத்தை இடையில் முறித்தால் உண்டது வீணாகலாம். கையில் பணம் குறையும் நாளில் முதலில் போகவேண்டிய இடம் வைத்தியரிடம். மாத்திரையை நிறுத்தும் முடிவை நாமே எடுத்தலாகாது.

அரசு மருத்துவமனைக்குச் செல்வதெப்படி என்பதைக் கூறுவேன். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இத்திட்டத்தின் சிகிச்சை மையங்கள் அமைக்கப்பெற்றுள்ளன. அருகிலுள்ள மையம் எது என்பதை ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரிடமோ, 104 என்ற எண்ணிற்குத் தொலைபேசியில் பேசியோ அறியலாம். முதல் முறை செல்லும்போது பழைய இரத்த சோதனைச் சீட்டுகள், இதுவரை உண்ட மாத்திரையின் காலி அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றைக் கொண்டு செல்வது நலம். தனியாரிடம் ஏற்கெனவே சிகிச்சை தொடங்கியவர் அரசு மையத்திற்கு மாறுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் கையிலுள்ள மாத்திரை தீர்ந்தபின் செல்லாமல், பதினைந்து நாள் இருப்பு உள்ளபோதே செல்லவேண்டும். இரத்தத்தில் கிருமியின் அளவைக் காணும் சோதனை தனியாரிடம் பெருஞ்செலவாகும். திட்டத்தில் அதற்குக் கட்டணமில்லை. பி வகைக் கிருமி இருப்பவர் எல்லோருக்கும் மாத்திரை தேவையென்பதும் இல்லை. சோதனைகளைப் பார்த்து, சிலருக்கு வைத்தியர் கண்காணிப்பு ஒன்றே போதுமென்பார். இலவசமாதலால் ஏமாற்றுகிறார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

"சர்க்கார் மாத்திரையில் வீரியம் இராது" என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் நிறுவப்பெற்றது. மருந்துகளைக் கம்பெனியின் விற்பனைப் பெயரால் வாங்காமல் சரக்கின் பெயரால் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குவதும், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடங்களில் சோதித்த பின்னரே மருத்துவமனைகளுக்கு அனுப்புவதும் அதன் முறை. மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பற்று வரவுப் புத்தகம் உண்டு; நம் அங்கத்தினர் சங்கக் கிடங்கில் நூல் எடுப்பதைப் போல அவை மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்கின்றன. இம்முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றியுள்ளன. அட்டையின் மேல் பளபளப்பு இல்லையென்பது மெய். உள்ளே இருக்கும் சரக்கை அதனால் அளக்கலாகாது.

அரசு மையத்தில் கிடைக்காத மருந்துக்கோ, தனியார் வைத்தியரையே விரும்புவோருக்கோ வழி என்ன? இங்கேதான் சீட்டில் எழுதப்படும் பெயர் முக்கியமாகின்றது. மருந்துக்கு இரண்டு பெயர். ஒன்று சரக்கின் பொதுப்பெயர். இதனையே ஜெனரிக் பெயர் என்பர். மற்றொன்று கம்பெனி சூட்டிய பெயர். நெசவாளர்க்கு இது புதிதன்று. 40ஆம் எண் நூல் என்றால் 40ஆம் எண் நூலே; கட்டின் மேல் ஒட்டியிருக்கும் மில் சீட்டு எதுவாயினும் நாம் எண்ணையும் முறுக்கையும்தான் பார்க்கின்றோம். விவசாயிக்கும் அவ்வாறே: யூரியா மூட்டையின் மேல் எக்கம்பெனியின் படம் இருப்பினும் உள்ளே 46 விழுக்காடு தழைச்சத்து. மருந்துக் கடையில் மட்டும் இந்த அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்கின்றோம்.

ஆனால் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. வைத்தியர் சீட்டின் மேல் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளில், சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தாமாக மாற்றிக் கொடுக்க மருந்து விதிகள் இடந்தரவில்லை. அதே சரக்காயினும் இடமில்லை. ஆகவே கம்பெனிப் பெயர் எழுதிய சீட்டுடன் கடைக்குச் சென்று "மலிவானதைக் கொடு" என்று கேட்டால், நேர்மையான கடைக்காரர் மறுக்கவே வேண்டும். கேட்கவேண்டிய இடம் வைத்தியரின் அறை. "டாக்டர் ஐயா, ஜெனரிக் பெயரை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமாயின் பெரிய எழுத்தில், வைத்தியர் எழுதவேண்டும் என்று மருத்துவக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதித் திருத்தமே கூறுகின்றது. கேட்கத் தயங்குவோர் ஓராண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நாளொன்றுக்கு ஒரு மாத்திரை உண்பவருக்கு, மாத்திரைக்குப் பத்து ரூபாய் வேறுபட்டால் ஆண்டுக்கு 3,650 ரூபாய்.

பொதுப்பெயர்ச் சீட்டை எங்கே கொண்டுசெல்வது? 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்கள் மைய அரசாங்கத்தின் ஏற்பாடு. நம் மாநிலத்தில் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பெற்றன. அவற்றில் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டும். சிறிய மருந்தகங்களில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் எப்போதும் இருக்கும். வைரஸ் மருந்து எல்லா நாளும் இருக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒரு வாரம் முன்னரே பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்துத் தருவிக்கச் சொல்லவேண்டும். ஒரே ஊரில் மூன்று நான்கு பேர் ஒரே மாத்திரை உண்பவராயின், மாதாமாதம் இத்தனை அட்டை வேண்டுமென்று சேர்ந்து சொல்லிவைத்தால் மருந்தாளுநரும் மகிழ்ந்து இருப்பு வைப்பார்.

விலைக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றியமையா மருந்துப் பட்டியலிலுள்ள மருந்துகளுக்கு, 1997இல் ஏற்பட்ட தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை விதிக்கின்றது. அசைக்ளோவிர், டெனோஃபோவிர், சோஃபோஸ்புவிர் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. ஆனால் 2013ஆம் ஆண்டு ஆணையின்படி இவ்வுச்சவிலை, சந்தையில் விற்கும் பல கம்பெனிகளின் விலைச் சராசரியை ஒட்டியே கணிக்கப்படுகின்றது, அடக்கவிலையை ஒட்டியன்று. ஆகவே உச்சவிலைக்கு உட்பட்டது என்பதனாலேயே மலிவானது என்று எண்ணிவிடக்கூடாது.

அக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை குறைவுடையதாகும். சிறு வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து, பின்னாளில் இடுப்பிலோ மார்பிலோ முகத்திலோ கொப்புளமாக எழுவதே அக்கி. ஊரில் குயவர் வீட்டிற்குச் சென்று காவிக் குழம்பால் சிங்க உருவம் எழுதிக்கொள்வது வழக்கம். எழுதிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. கொப்புளம் புண்ணாகாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் அதற்காக மூன்று நாள் கழிந்துவிடுவதே கேடு. கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் மருந்து நன்கு பலிக்கும். தாமதித்தால் புண் ஆறியபின்னும் எரிவலி மாதக்கணக்கில் நின்று தறியில் உட்காரவொட்டாது. கண்ணருகே எழுந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. இதற்குப் பழைய மருந்து அசைக்ளோவிர், 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள்: 35 மாத்திரை. புதிய மருந்து வாலசைக்ளோவிர், 1,000 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள்: 21 மாத்திரை. புதியது உடலுக்குள் சென்று பழையதாகவே மாறுகின்றது; வேளை குறைவு என்பதே அதன் பெரிய வசதி. ஐந்து வேளையும் தவறாமல் உண்ணக்கூடியவர் பழையதையே எழுதித் தரலாமா என்று வைத்தியரைக் கேட்கலாம். சிறுநீரகக் கோளாறுடையோர்க்கு அளவு மாறும். அதனை வைத்தியரே முடிவு செய்வார்.

மருந்து விலைக்கு அஞ்சிக் கீழாநெல்லியோடு நின்றுவிடுவோரும் உளர். நம் மூலிகைகளை இகழ்வது என் நோக்கமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், பி வகைக் கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் பிறரும் கீழாநெல்லியை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, நம்பிக்கையூட்டும் முடிவை 1988இல் லான்செட் என்னும் ஆங்கில மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர்ப் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் காணப்படவில்லை. ஏ வகைக் காமாலை தானே நீங்குவதால் கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்திருக்கலாம். நிலைத்துவிட்ட பி வகைக்கு அதை மட்டும் நம்பியிருப்பது தகாது.

இனி, சங்கங்கள் செய்யக்கூடியது. மாத்திரை இலவசமாயினும் செலவு முழுதும் ஒழிந்துவிடுவதில்லை. மாவட்டத் தலைநகருக்குப் பேருந்துக் கட்டணம், அன்றைய நெசவுக் கூலி இழப்பு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு ஆகிய இவைதாம் பலரை இரண்டாம் மாதமே நிறுத்திவிடச் செய்கின்றன. இலாபம் ஈட்டும் சங்கங்களுக்குப் பொது நல நிதி என ஒன்று உண்டு. சுவர்க் கடிகாரம் வாங்குவதைவிட இப்பயணச் செலவுக்குத் துணை விதிகளின்படி வழி காணலாமா என்று நிர்வாகக் குழுவினர் ஆலோசிப்பார்களாக. நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில் சந்தா செலுத்தி வரும் அங்கத்தினர், தம் கணக்கில் எவ்வளவு உளது, அதிலிருந்து பெறக்கூடியது யாது என்று செயலாளரிடம் கேட்டறியலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கே உதவும். வீட்டிலிருந்து உண்ணும் மாத்திரைக்கு அதை நம்பிக் காத்திருத்தல் வேண்டா. இத்தனைக்குப் பின்னும் கடன் தவிர்க்க இயலாதாயின், சங்கத்தின் நகைக்கடன் இருக்கின்றது. கந்துவட்டி வாங்குவதைத் தடுக்க 2003இலேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்திருந்தும், நோயாளியின் வீட்டு வாசலுக்கு முதலில் வந்து சேருபவர் இன்றும் அந்த வட்டிக்காரரே.

கடைசியாக வீட்டிலுள்ள மற்றவர்களைப் பற்றி. ஒருவருக்குப் பி வகை இருப்பதாகத் தெரிந்தால் மனைவி, மக்கள், உடன்பிறந்தோர் எல்லோரும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். கிருமி இல்லாதவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். கருவுற்ற பெண்ணுக்கு நோய் இருப்பின் மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிருமி மிகுந்திருந்தால் கருப்பகாலத்திலேயே டெனோஃபோவிர் கொடுப்பர். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடவேண்டும். அரசு மருத்துவமனையில் இவ்வூசிக்குக் காசில்லை. பி வகை மாத்திரை உண்டு வருவோர், இவ்வாண்டு புரட்டாசி முடிவதற்குள் மையத்திற்குச் சென்று, மழை மாதங்களில் மாத்திரை முறியாமல் கிடைக்க என்ன ஏற்பாடு செய்யலாம் என்பதை மருந்து வழங்குமிடத்திலேயே கேட்டு வருவார்களாக.